கண்ணை மயக்கும் ஓவியம்

கவின்கலைகளுள் ஓவியம் கண்வழியே உள்ளத்தைக் கவர்வது. கண்டார் மெய்ப்பொருளென்றே மயங்கிக் கைநீட்டுமாறு சிறு பொருள்களைத் தீட்டும் முறை ஒன்று அதன்கண் உண்டு. இஃது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் சிறந்து விளங்கிற்று. கண்ணை ஏமாற்றுதல் உயர்ந்த கலையாகுமோ என்னும் வினாவும் உடனெழுந்தது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இத்துறையில் முதற்கண் வைத்து எண்ணப்படுபவர் வில்லியம் மைக்கேல் ஹார்னெட். 1848-இல் அயர்லாந்தில் பிறந்து பிலடெல்பியாவில் வளர்ந்த இவர், வெள்ளிக் கலங்களில் சித்திரம் செதுக்கிப் பிழைத்துக்கொண்டே ஓவியம் பயின்றார். இவர் 1886-இல் தீட்டிய 'பழைய வயலின்' என்னும் ஓவியத்தில், துருவேறிய கீல்களையுடைய பச்சைக் கதவொன்றில் வயலின் தொங்குகின்றது. அதன் நரம்புகளின் கீழ் வில்லினின்றும் உதிர்ந்த வெண்பொடி படிந்துள்ளது. சின்சினாட்டி நகரக் கண்காட்சியில் மக்கள் அதனைத் தொட முந்தவே, காவலர் ஒருவரை நிறுத்த வேண்டியதாயிற்று.

இம்மயக்கம் எவ்வாறு விளைகின்றது? மெய்யான காட்சியில், நாம் சிறிது அசையினும் அண்மைப் பொருளும் சேய்மைப் பொருளும் இடம் மாறித் தோன்றும். ஓவியத்தில் அங்ஙனம் தோன்றா. எனவே, நெடுந்தொலைவைக் காட்டும் ஓவியம் கண்ணை நெடிது மயக்கவொண்ணாது. இதனையறிந்த இவ்வோவியர், கதவு, பலகை இவற்றை ஒட்டிக் கிடக்கும் கடிதம், நாணயத்தாள் முதலிய மெல்லிய பொருள்களையே பெரிதும் தேர்ந்தெடுத்தனர். அவற்றை இயற்கையளவிலேயே வரைந்தனர். ஒரு பக்கத்து ஒளியால் விழும் நிழலைத் திருத்தமாக அமைத்துத் தூரிகைச் சுவட்டையும் மறைத்தனர்.

ஜான் ஹாபர்லி என்பார் வரைந்த பணத்தாள் ஓவியம் 1889-இல் சிக்காகோவில் வைக்கப்பட்டது. அது மெய்த்தாளை ஒட்டிய மோசடியென ஒரு திறனாய்வாளர் எழுதினார். ஓவியர் நேரிற் சென்றார். ஆராய்ந்தோர் யாவும் வண்ணமே எனக் கண்டனர்.

இனி, ஜான் பிரடெரிக் பீட்டோவின் வரலாறு இரங்கத்தக்கது. 1854-இல் பிறந்த இவர், நியூஜெர்சியின் ஐலண்டு ஹைட்ஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, ஆங்கு நடைபெற்ற கிறிஸ்தவக் கூட்டங்களில் எக்காளம் இசைத்து வந்தார். கிழிந்த நூல்களும் கசங்கிய கடிதங்களுமே இவர் ஓவியப் பொருள்கள். இவர் 1907-இல் இறந்த பின், விலை மிகுதி கருதி, இவர் ஓவியங்கள் பலவற்றில் ஹார்னெட்டின் பெயர் பொய்யாக எழுதப்பட்டது. 1940-களில் ஆல்பிரட் பிராங்கன்ஸ்டைன் என்னும் அறிஞர், ஒரே பெயரின் கீழ் இருவர் கைத்திறன் விளங்கக் கண்டு ஐயுற்றார். அவர் பீட்டோவின் இல்லத்திற்குச் சென்றபோது, ஓவியங்களிற் கண்ட பழம்பொருள்கள் அங்கேயே இருந்தன. பேசாப் பொருள்களே தம்மைப் போற்றி வரைந்தவர்க்குச் சான்று பகர்ந்தன.

இதனால் ஓர் உண்மை புலனாகும். ஓவியத்தின் மயக்கம் ஒரு கணத்தது; தொட்டவுடன் நீங்குவது; எவர்க்கும் தீங்கிழையாதது. பிறர் உழைப்பின்மேற் பொய்ப்பெயர் பொறித்தலே வஞ்சனையாவது. மயக்கம் நீங்கிய பின்னும் நம்மை அவ்வோவியத்தின்முன் நிறுத்துவது யாது? எவரும் பொருட்படுத்தாத எளிய பொருளையும் பொறுமையோடும் அன்போடும் நோக்கிய நோக்கே. அந்நோக்கு உள்ளவிடத்து உயர்ந்த கலையும் உண்டு.