தானமாக வந்த கம்ப்யூட்டரில் எந்த ஓஎஸ் போடலாம்?

கம்பெனிகளும் கல்லூரிகளும் பழைய கம்ப்யூட்டர்களைக் கழிக்கும்போது, ஊர் நூலகத்துக்கோ மாலைநேரப் படிப்பு மையத்துக்கோ சில பெட்டிகள் வந்து இறங்குகின்றன. இறங்கியதும் எல்லோரும் கேட்பது, "விண்டோஸ் ஓடுமா?" ஓடும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் கணக்கு. இதனால்தான் நான்காம், ஆறாம் தலைமுறை ஐ5 பெட்டிகள்கூட இப்போது தானத்துக்கு வருகின்றன. அவை குப்பை இல்லை. லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

ஓஎஸ் பெயர்களை அலசுவதற்கு முன் பெட்டியைத் தரம் பிரியுங்கள். ரேம் எவ்வளவு, உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்கா எஸ்எஸ்டியா, பிராசஸர் 64 பிட்டா: இந்த மூன்றும் தெரிந்தால் போதும். கோர் 2 டுவோவும் அதற்குப் பின் வந்த மேசைக் கணினிகளும் 64 பிட்தான். மாட்டிக்கொள்வது 2008 வாக்கில் வந்த, ஆட்டம் என்270 பிராசஸர் போட்ட குட்டி நெட்புக்குகள். அவை 32 பிட். கூகுள் குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் அதே வழியில் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலரே இல்லை. 1 ஜிபி ரேமோடு அப்படி ஒன்று வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வாங்கி வைத்தால் கடைசியில் மின்கழிவாக அப்புறப்படுத்தும் வேலையும் உங்கள் தலையில்தான் விழும்.

"லைட் ஓஎஸ் போட்டால் பறக்கும்" என்று சொல்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ சும்மா இருக்கும்போது ஒரு ஜிபிக்குள் ரேம் எடுக்கும். ஆன்ட்டிஎக்ஸ் அதில் பாதிகூட எடுக்காது. ஆனால் யூடியூப் ஒரு டேப், திக்‌ஷா ஒரு டேப், கூகுள் ஃபார்ம் ஒரு டேப் என்று திறந்ததும் பிரவுசர் மட்டுமே ஒன்றரை, இரண்டு ஜிபியை விழுங்கிவிடும். எந்த ஓஎஸ் போட்டாலும் இந்தப் பசி குறையாது. அதனால் 8 ஜிபி பெட்டியில் லைட் ஓஎஸ் தேடி அலைவது வீண். 2 ஜிபி பெட்டியில்தான் அந்த அரை ஜிபி மிச்சத்துக்கு மதிப்பு. சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் கிடைக்கும் வேகத்தை எந்த ஓஎஸ்ஸும் தராது. கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதல் செலவு அதுதான்.

இனி தேர்வுக்கு வருவோம். 4 ஜிபியும் அதற்கு மேலும் இருந்தால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள், யோசிக்க வேண்டாம். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகியவர்களுக்கு மிரட்சி இல்லாத திரை. 22-ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜிபி மட்டும் இருந்து, ரேம் ஏற்றவும் வழியில்லை என்றால் டெபியனை எல்எக்ஸ்க்யூடி திரையோடு போடலாம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகால மெஷின்கள் பல இந்த ரகம். அவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். திறந்து பார்த்தவர்கள் குறைவு என்பது வேறு கதை.

ஆன்ட்டிஎக்ஸ் இதைவிட மெலிந்தது, கெட்டிக்காரத்தனமானது. ஆனால் ஒன்றுக்கு நாலு விண்டோ மேனேஜரோடு வரும். ஒரு பையன் அதை மாற்றிவிட்டுப் போனால் அடுத்து உட்காரும் பிள்ளைக்கு மெனு எங்கே என்றே தெரியாது. லினக்ஸ் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் மட்டும் அதை எடுங்கள். பப்பி லினக்ஸ் முழுக்க ரேமிலேயே ஓடக்கூடியது. விண்டோஸ் கிளம்பாத பெட்டியிலிருந்து ஃபைல்களை மீட்க அருமையான கருவி. தினமும் பல பேர் புழங்கும் மையத்துக்குச் சரிவராது.

குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் கூகுள் இலவசமாகத் தருவது. 64 பிட், 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம் போதும். தானே அப்டேட் ஆகும், கெடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடாது. நெட் இல்லாவிட்டால் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். முழுப் பயனுக்கு ஆளுக்கொரு கூகுள் கணக்கும் வேண்டும். பிராட்பேண்ட் நிலையாக இருக்கும் நூலகத்துக்குப் பொருந்தும். மழை பெய்தால் நெட் போகும் ஊருக்கு வேண்டாம்.

சர்வீஸ் கடையில் "கிராக் பண்ணின விண்டோஸ் 7 போட்டுத் தரேன்" என்பார்கள். 2020 ஜனவரியோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது. பிள்ளைகள் பென்டிரைவ் செருகும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. ஒன்று மட்டும் நியாயமான கோரிக்கை: சி.ஓ.ஏ. (ஆபீஸ் ஆட்டோமேஷன்) தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வேர்டும் எக்செல்லும் வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு லிப்ரேஆபீஸைக் காட்டிச் சமாதானம் சொல்லாதீர்கள். வந்ததில் புதிய பெட்டி இரண்டைப் பிரித்து, முறையான லைசென்ஸோடு விண்டோஸ் 11-ம் எம்எஸ் ஆபீஸும் போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வென்டாய் போட்ட ஒரே பென்டிரைவில் நாலைந்து ஓஎஸ்களை வைத்துக்கொள்ளலாம். வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். வைஃபை எடுக்கவில்லையென்றால் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி நெட் கொடுத்து டிரைவரை இறக்கலாம்.

பழைய பெட்டிகளில் அடிக்கடி வரும் தொல்லை ஒன்றுக்கும் ஓஎஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. மதர்போர்டு பேட்டரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் தேதி 2009 ஜனவரி என்று நிற்கும். பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். தளத்தின் சான்றிதழ் இன்னும் வழங்கப்படவே இல்லை என்பது அதன் கணக்கு. "லினக்ஸ் ஒர்க் ஆகல சார்" என்று குரல் வரும். வாட்ச் கடையில் கிடைக்கும் சிஆர்2032 பட்டன் செல்லைப் போட்டால் சரியாகிவிடும். கையோடு எல்லாப் பெட்டிக்கும் மாற்றிவிடுங்கள்.

தமிழ் எழுத ஐபஸ்ஸும் எம்17என் தொகுப்பும் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பு முறை இரண்டும் வந்துவிடும். முதல் நாளே அமைத்துவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை.

பத்துப் பெட்டிக்கு நாலு விதமான ஓஎஸ் போடாதீர்கள். முடிந்தவரை எல்லாவற்றிலும் ஒன்றே இருந்தால், ஒன்றில் கற்ற தீர்வு மற்றதிலும் செல்லும். கேரளத்தில் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கு ஒரே லினக்ஸைத் தயாரித்துக் கொடுத்து, ஆசிரியர்களுக்கும் அதிலேயே பயிற்சி தருகிறது. நம் மையத்தில் அந்த ஆசிரியர் யார் என்று முடிவு செய்த பிறகு இன்ஸ்டால் செய்யுங்கள்.

தானம் தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்கை வெறுமனே ஃபார்மட் பண்ணாமல் முழுவதுமாக அழித்துத் தாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரோடு தாருங்கள். முடிந்தால் பத்துப் பெட்டிக்குப் பதில் ஆறு பெட்டியும், ஆறு எஸ்எஸ்டியும் தாருங்கள்.