பொறியியலும் மருத்துவமும் சேர்த்துப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு: பண உதவியும் படிக்கும் ஒழுங்கும்

"டொக்டரா, எஞ்சினியரா?" என்ற கேள்வி எமது வீடுகளுக்குப் புதியதல்ல. ஊரில் உயர்தரத்துக்கு வந்ததும் உயிரியல் பிரிவு அல்லது கணிதப் பிரிவு என்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். மற்றக் கதவு அத்துடன் மூடிவிடும். அந்தப் பழக்கத்தில் பிரித்தானியாவிலும் பல பெற்றோர் பிள்ளைகளை ஏதோ ஒரு பக்கம் தள்ளுகிறார்கள். இங்கு இரண்டையும் படிக்க வழி உண்டு, பண உதவியும் உண்டு. ஆனால் எதை முதலில் படிப்பது என்பதைப் பொறுத்துப் பல்லாயிரம் பவுண் வித்தியாசம் வரலாம். பெற்றோர் அறிய வேண்டிய முக்கிய விடயம் இதுவே.

மருத்துவப் பக்கத்தில் இது ஏன்?

தலைக்கு சி.டி. ஸ்கான் எடுக்காத குடும்பம் இன்று குறைவு. அக்கருவியை உருவாக்கிய கொட்பிரி ஹவுன்ஸ்ஃபீல்ட் வைத்தியர் அல்ல, ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர். 1971 ஒக்டோபரில் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதலாவது நோயாளிக்கு அந்த ஸ்கான் எடுக்கப்பட்டது. 1979இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இன்னொன்று எம்மை நேரடியாகத் தொடுவது. கோவிட் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த ஒட்சிசன் மானி, தோலினூடாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கருமையான தோலில் அது சில வேளைகளில் உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டும். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மானி காட்டாமல் மறைந்துபோன ஒட்சிசன் குறைபாடு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளில் ஏறக்குறைய 3 மடங்கு அதிகமாக இருந்தது. பிரித்தானிய அரசு நியமித்த சுயாதீனக் குழுவும் 2024 மார்ச்சில் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது. ஆகவே மானி நல்ல இலக்கத்தைக் காட்டினாலும் கடுமையாக மூச்சு வாங்கினால் 999ஐ அழையுங்கள். நோயாளியையும் கருவியையும் ஒருங்கே விளங்கிக்கொள்ளும் எம்மவர் பிள்ளைகள், இக்கருவிகள் வடிவமைக்கப்படும் இடங்களில் இருக்க வேண்டிய தேவை இதனால் விளங்கும்.

நான்கு வழிகள்

கீழே வருபவை இங்கிலாந்தில் வசிக்கும் மாணவருக்கு 2025-26 கல்வியாண்டில் இருந்த விதிகள். அவ்வாண்டில் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண் வரை.

1. முதலில் மருத்துவம், இடையில் பொறியியல். மருத்துவப் படிப்பின் நடுவே ஒரு வருடம் வேறு துறையில் பட்டம் பெறலாம். இம்பீரியல், யு.சி.எல். போன்ற இடங்களில் உயிர்மருத்துவப் பொறியியல் சார்ந்த பாடங்களை இப்படிப் படிக்க முடிந்திருக்கிறது. கட்டணத்துக்கு அரச கடன் கிடைக்கும். படிப்பின் 5ஆம் வருடத்திலிருந்து கட்டணத்தை என்.எச்.எஸ். உதவித்தொகை ஏற்கும், அது திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்குச் சுமை குறைந்த வழி இதுவே.

2. முதலில் பொறியியல், பிறகு மருத்துவம். இங்கேதான் கவனம் தேவை. பொறியியல் பட்டம் முடித்தவர் சாதாரண 5 வருட மருத்துவப் படிப்பில் சேர்ந்தால் அதன் கட்டணத்துக்குக் கடன் கிடையாது. முதல் 4 வருடங்களுக்கு மட்டும் 38,140 பவுண் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆனால் பட்டதாரிகளுக்கான 4 வருடப் படிப்பில் சேர்ந்தால், முதல் வருடத்தில் 3,465 பவுண் கட்டினால் போதும். மீதிக்குக் கடன் உண்டு. இரண்டாம் வருடத்திலிருந்து ஒரு பகுதியை என்.எச்.எஸ். கட்டும், மீதிக்குக் கடன். வோறிக், நொட்டிங்ஹாம், ரூட்டிங்கிலுள்ள சென்ற் ஜோர்ஜஸ் ஆகியவை இத்தகைய படிப்புக்குப் பொறியியல் பட்டதாரிகளையும் ஏற்று வந்துள்ளன. போட்டி கடுமையானது.

3. மருத்துவத்துடன் கலாநிதிப் பட்டம். கேம்பிரிட்ஜில் 1989 முதல் இரண்டையும் இணைத்த பாடநெறி உண்டு, யு.சி.எல்.லிலும் உண்டு. ஆய்வுக் காலத்துக்கான புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம் செலுத்தப்படுவதுடன், வாழ்க்கைச் செலவுக்கும் பணம் தரப்படும். 2025-26இல் அரச ஆய்வு நிதியத்தின் குறைந்தபட்சத் தொகை வருடத்துக்கு 20,780 பவுண். இது கடன் அல்ல, வருமான வரியும் இல்லை.

4. மருத்துவப் பட்டம் இல்லாமல் மருத்துவமனையில். உயிர்மருத்துவப் பொறியியல் போன்ற பட்டம் பெற்றவர் என்.எச்.எஸ். விஞ்ஞானிகள் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 3 வருடமும் சம்பளம், முதுமாணிக் கட்டணமும் செலுத்தப்படும். "டொக்டர் இல்லையா?" என்று உறவினர் கேட்பார்கள், கவலைப்பட வேண்டாம்.

பள்ளியில் 11ஆம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் 1991இல் ஆரம்பமான ஆர்க்ரைட் பொறியியல் புலமைப்பரிசிலையும் விசாரிக்கலாம்.

கடனுக்குப் பயப்படலாமா?

வட்டிக்குப் பணம் வாங்கி நொந்த அனுபவம் எமக்கு உண்டு. ஆனால் மாணவர் கடன் அப்படிப்பட்டதல்ல. 2023 ஓகஸ்டிலிருந்து இங்கிலாந்தில் முதல் பட்டப்படிப்பைத் தொடங்கியோரின் திட்டத்தில், வருட வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால் மட்டுமே, தாண்டிய தொகையில் 9 சதவீதம் அறவிடப்படும். வேலை இல்லாவிட்டால் அறவீடும் இல்லை. 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடியாகும். இக்கடனுக்குப் பயந்து வீட்டை ஈடு வைப்பதோ, சீட்டுப் பிடிப்பதோ வேண்டாம்.

வதிவிட உரிமை

அகதி அந்தஸ்துப் பெற்ற பிள்ளைக்கு இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்குரிய கட்டணமும் கடனும் உண்டு. தஞ்சக் கோரிக்கை முடிவாகாமல் இருப்பவருக்கு அரச கடன் இல்லை. பல பல்கலைக்கழகங்கள் இவர்களுக்கெனத் தனிப் புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன. அதில் மருத்துவமும் அடங்குமா என்பதை ஒவ்வொரு இடத்திலும் எழுத்தில் கேளுங்கள்; சில இடங்களில் அடங்காது. உள்துறை அமைச்சுக் கடிதங்கள் எதையும் தொலைக்காதீர்கள். கடித உறையையும் சேர்த்தே வையுங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

உயர்தரத்தில் இரசாயனவியலும் கணிதமும் இருக்கட்டும். மருத்துவத்துக்குப் பல இடங்களில் உயிரியலும், பொறியியலுக்குப் பெரும்பாலும் பௌதிகவியலும் கேட்பார்கள். பிள்ளையால் முடியுமானால் நான்கும், இல்லையேல் விரும்பும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் நிபந்தனையைப் பார்த்து மூன்றும் எடுக்கலாம்.

இங்கிலாந்தில் 2027 ஜனவரியிலிருந்து தொடங்கும் படிப்புகளுக்குப் புதிய கடன் முறை அறிவிக்கப்பட்டுள்ளது. எனவே சேரும் ஆண்டின் விதியை மாணவர் நிதி அலுவலகத்திலும் என்.எச்.எஸ். உதவித்தொகைப் பிரிவிலும் விசாரித்து உறுதி செய்யுங்கள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

எல்லாவற்றுக்கும் முதல், பிள்ளைக்கு எதில் விருப்பம் என்று ஒருநாள் ஆறுதலாக இருந்து கேளுங்கள். விருப்பமில்லாத படிப்பைப் பாதியில் விட்டு, பிறகு வேறொன்றைத் தொடங்கும் பிள்ளைக்கும் கடன் உரிமை குறையலாம்.