மலை ஆடும் சமவெளி ஆடும்

செம்மறி ஆடு வாங்கப் புறப்படும் குடியானவர் சந்தையில் முதலில் நோக்குவது உடற்பருமனை, அடுத்தபடி விலையை. அவ்வாடு எந்தச் சீமையில் பிறந்தது, எத்தகைய புல்லைத் தின்று வளர்ந்தது என்று விசாரிப்போர் மிகச் சிலரே. சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய மந்தை முதல் மழைக்காலத்திலேயே குறைந்து போவதற்கு இந்த அசட்டையும் ஒரு காரணமாகும்.

மலை ஆட்டிற்கு நம் நாட்டில் தக்க உதாரணம் நீலகிரி ஜாதி. 19-ஆம் நூற்றாண்டில் மேரினோ, செவியட், சௌத்டவுன் என்னும் சீமை ஆடுகள் கோயம்புத்தூர்ப் பக்கத்து நாட்டு ஆடுகளுடன் கலந்தமையால் இது உண்டாயிற்று. வெண்ணிறமும் மெல்லிய கம்பளியும் இதற்கு உரியவை. உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் இது பேணப்பட்டு வருகிறது. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தின் குளிருக்கு அக்கம்பளி கவசம். சித்திரை வெயிலில் அதுவே பாரம். உதகைக்குச் சென்று திரும்புவோர் அவ்வாட்டின் அழகில் மயங்குவது இயல்பு. ஆயினும் அழகு வேறு, ஆதாயம் வேறு.

சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், செங்கற்பட்டுச் சுற்றுப்புறங்களுக்கு இயற்கையே அளித்தது மெட்ராஸ் சிவப்பு எனப்படும் ஜாதி. செந்நிற உடலில் கம்பளி இராது. குட்டையான உரோமம் மாத்திரமே உண்டு. சிலவற்றிற்கு நெற்றியிலும் தொடையின் உட்புறத்திலும் வெண்மை காணும். கிடாவுக்கு வளைந்த கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. வளர்ந்த கிடா சுமார் 35 கிலோவும் பெட்டை சுமார் 23 கிலோவும் நிற்கும். பருமனில் பெரிதன்று என்பது மெய். ஆனால் உச்சி வெயிலிலும் நடந்து மேயும். அறுவடைத் தாளிலும் வரப்புப் புல்லிலும் வயிறு நிரப்பிக்கொள்ளும்.

சேலம், ஈரோடு பக்கத்து மேச்சேரி ஆட்டின் தோலுக்கு நல்ல மதிப்பு உண்டு. அதுவும் சமவெளி ஆடுதான். எனினும் மழை குறைந்த மேட்டு நிலத்தில் பழகியது. அதை விரும்புவோர் நாலைந்தை மட்டும் வாங்கி, ஒரு மழைக்காலம் கழித்துப் பார்த்த பிறகு பெருக்குவதே விவேகம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களே இந்தப் பிரதேசத்தில் சோதனைக் காலம். வடகிழக்குப் பருவமழையின்போது சிறு கொசு போன்ற பூச்சிகள் நீலநாக்கு நோயைப் பரப்புகின்றன. வாயும் நாக்கும் வீங்கி, புண்பட்டு, ஆடு நொண்டும். மழைக்கு முன்னரே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். ஏரிக்கரைச் சேற்று நத்தைகளால் ஈரல் தட்டைப்புழுவும் பற்றும். ஆகையால் சதுப்பில் மேயவிடலாகாது. உள்ளூர் ஜாதியாயினும் இவ்விரண்டிற்கும் விலக்கில்லை.

மேய்ச்சலைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் எழுந்தபின் தரிசும் மேய்க்காலும் சுருங்கிவிட்டன. நீலகிரியிலும் புல்வெளிகள் தேயிலைக்கும், தைலமரம், சீகை போன்ற அயல்நாட்டு மரங்களுக்கும் இடமாகிவிட, அந்த ஜாதி அருகிப் போயிற்று. ஆகவே இருக்கும் புல்லுக்கு ஏற்பவே மந்தையின் எண்ணிக்கை அமைய வேண்டும். குறைபடும் தீனியை அகத்தி, சூபாபுல், வேலிமசால் தழைகளால் ஈடுசெய்யலாம். ஆட்டுக்கிடை கட்டும் வயலுக்குரியவரிடம் தாளை மேய்க்கும் உரிமையைப் பேசிக்கொள்வதும் உண்டு.

கிடாவை வாங்குவதில் தனி மனிதரைவிடச் சங்கமே வல்லது. 25 அல்லது 30 பெட்டைகளுக்கு ஒரு நல்ல கிடா போதும். அதே கிடா தன் பெட்டைக் குட்டிகளோடு சேராதபடி இரண்டு வருஷத்திற்கொரு முறை அங்கத்தினர் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். வாங்குமுன் பல்லைத் திறந்து பார்ப்பது அவசியம்: இரண்டு அல்லது நான்கு பல் விழுந்து முளைத்த கிடாவே தக்கது. அருகிலுள்ள காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தாரை மாசி, பங்குனியிலேயே கண்டு யோசனை கேட்டால், ஆடி பிறக்குமுன் கிடாவைத் தேர்ந்துகொள்ள அவகாசம் கிடைக்கும்.