பருவம் அறிந்து உடலைப் பேணுவோம்

முன்னுரை

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் முதுமொழி. பொன்னையும் பொருளையும் காக்கப் பூட்டும் பெட்டியும் தேடுகிறோம். பொங்கலுக்கு முன் வீட்டை ஒட்டடை அடித்து வெள்ளையடிக்கிறோம். கோடையில் நீர் வற்றியதும் கிணற்றைத் தூர் வாருகிறோம். ஆனால் ஆண்டு முழுவதும் ஓயாது உழைக்கும் உடலை, அது பாயில் விழும் வரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பருவத்திற்குப் பருவம் உடலைத் தூய்மை செய்து பேண வேண்டும் என்று ஆயுர்வேதம் கூறுகிறது. அந்த முறை யாது? அதில் பள்ளி மாணவியராகிய நீங்கள் கைக்கொள்ளத்தக்கது எது? விலக்கத்தக்கது எது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஆறு பருவங்கள்

ஓராண்டை இரண்டு இரண்டு மாதங்களாக ஆறு பருவங்களாகப் பிரித்தனர் நம் நாட்டு முன்னோர். தமிழில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்கிறோம். ஆயுர்வேத நூல்கள் சிசிரம், வசந்தம், கிரீஷ்மம், வர்ஷம், சரத், ஹேமந்தம் என்கின்றன. ஒவ்வொரு பருவத்திலும் உண்ண வேண்டியவை, விலக்க வேண்டியவை, உழைக்கும் அளவு, உறங்கும் அளவு ஆகியவற்றைக் கூறும் பகுதிக்கு ‘ருதுசரியை’ என்று பெயர். சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் 6-ஆம் அத்தியாயமும், வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயத்தின் சூத்திரஸ்தானத்தில் 3-ஆம் அத்தியாயமும் இதனை விரித்துரைக்கின்றன.

வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் சமநிலையே நலம் என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை. கோடையில் சேரும் வாதம் மழைக்காலத்தில் கிளர்ந்தெழும்; மழையில் சேரும் பித்தம் அடுத்துவரும் சரத் காலத்தில் பொங்கும்; குளிரில் உறைந்த கபம் வசந்த காலத்து வெயிலில் உருகி நோய் தரும் என்று அந்நூல்கள் கணக்கிடுகின்றன. ஆகவே வசந்தத்தில் வமனம் எனப்படும் வாந்தி மருந்தும், சரத்தில் விரேசனம் எனப்படும் பேதி மருந்தும், மழைக்காலத்தில் வஸ்தி எனப்படும் எனிமாவும் விதிக்கப்பட்டன. மூக்கில் மருந்து விடும் நசியத்தையும், குருதி நீக்குவதையும் சேர்த்து இவற்றைப் ‘பஞ்சகர்மம்’ என்பர்.

நம் சித்த மருத்துவத்திலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. ஆறு மாதத்திற்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு மாதத்திற்கு ஒருமுறை பேதி மருந்து, ஒன்றரை மாதத்திற்கு ஒருமுறை நசியம், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்று தேரையரின் ‘நோயணுகா விதி’ கூறுகிறது.

வாக்படர் கூறும் இன்னொரு கருத்து நினைவில் வைக்கத்தக்கது. ஒரு பருவத்தின் கடைசி 7 நாட்களும் அடுத்த பருவத்தின் முதல் 7 நாட்களும் சேர்ந்த காலம் ‘ருது சந்தி’. அப்போது பழைய பழக்கத்தைச் சிறிது சிறிதாக விட்டு, புதிய பழக்கத்தைச் சிறிது சிறிதாக ஏற்க வேண்டும். திடீரென்று மாற்றினால் நோய் வரும் என்கிறார். கோடை விடுமுறை முழுவதும் காலை ஒன்பது மணிக்கு எழுந்து, பள்ளி திறக்கும் நாளில் மட்டும் ஐந்து மணிக்கு எழ முயன்று தலைவலியோடு வகுப்பில் அமரும் மாணவியருக்கு இதன் உண்மை நன்கு விளங்கும்!

கேரளத்தின் கர்க்கடக மாதம்

பருவ காலப் பேணலை இன்றும் வீடுதோறும் காணக்கூடிய இடம் நம் அண்டை மாநிலமாகிய கேரளம். நம் ஆடி மாதமே அங்குக் கர்க்கடகம். கொல்லம் ஆண்டின் கடைசி மாதம். ஜூன் தொடக்கத்தில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை அப்போது வலுத்துப் பெய்யும். முற்காலத்தில் வயல் வேலை நின்றுவிடும். பத்தாயத்தில் நெல் குறைந்துவிடும். அதனால் அதனைப் ‘பஞ்ஞ மாசம்’, அதாவது பஞ்ச மாதம் என்றே அழைத்தனர். வெயில் இல்லை, பசி மந்தம், உடல் சோர்வு. இப்படி வேலையும் குறைந்து உடலும் தளர்ந்த மாதத்தையே உடலைப் பழுது பார்க்கும் மாதமாக மாற்றிக்கொண்டது அம்மக்களின் அறிவுடைமை.

வைத்தியசாலைகளில் எண்ணெய் பூசி உழிதல், இளஞ்சூடான தைலத்தை உடல் முழுதும் பிழிந்து விடும் பிழிச்சில், குறுந்தோட்டிக் கஷாயத்திலும் பாலிலும் வெந்த ஞவர அரிசியைத் துணியில் முடிந்து ஒற்றித் தேய்க்கும் ஞவரக்கிழி ஆகியவை நடைபெறும். 1902-இல் பி. எஸ். வாரியர் நிறுவிய கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலை போன்ற நிலையங்கள் இம்முறைகளை நாடறியச் செய்தன. சிகிச்சை எத்தனை நாளோ அத்தனை நாள் அதன் பின்னரும் ஓய்வும் பத்தியமும் வேண்டும் என்பது அங்குள்ள வைத்தியர்களின் வழக்கம். மருந்து பாதி, ஓய்வு பாதி என்பதே இதன் பொருள்.

வைத்தியசாலைக்குச் செல்ல வசதியற்ற வீட்டிலும் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, பூசணி இலை, சேம்பிலை, தகரை முதலிய பத்து வகை இலைகளைக் கறியாக்கி உண்பது. மற்றொன்று மருந்துக் கஞ்சி.

மருந்துக் கஞ்சி செய்யும் முறை

ஞவர அரிசி ஏறத்தாழ 60 முதல் 90 நாட்களில் விளையும் குறுகிய காலப் பயிர். அது கிடைக்காதபோது தவிடு நீக்காத சிவப்பரிசியும் உதவும். நால்வருக்கு ஒரு குவளை அரிசி போதும். ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும். அரிசியையும் வெந்தயத்தையும் நிறைய நீர் விட்டுக் குழைய வேக விட்டு, அரைத் தேக்கரண்டி சீரகப் பொடியும் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் சேர்த்து, இறுதியில் ஒரு குவளை தேங்காய்ப் பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். உப்பு அளவாக இடலாம். வேண்டுவோர் வெல்லம் சேர்க்கலாம். இரவு உணவுக்குப் பதிலாக 7 நாட்களோ 14 நாட்களோ இதனை உண்பர். கருவுற்ற தாய்மாரும், சர்க்கரை நோய்க்கு மருந்து உண்போரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே இதனை உண்ண வேண்டும்.

மாதம் ஒன்று, பருவம் வேறு

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கேரளத்தில் கொட்டும் மழையாக இருக்கும் ஆடி, தமிழ்க் கணக்கில் முதுவேனில். தஞ்சையிலும் சென்னையிலும் பெருமழை பெய்வது ஐப்பசி, கார்த்திகையில். அந்த மழையின் வாயிலில்தான் நாம் தீபாவளி எண்ணெய் முழுக்கும், இஞ்சி, ஓமம், திப்பிலி, வெல்லம், நெய் சேர்த்துக் கிளறிய தீபாவளி மருந்தும் வைத்திருக்கிறோம். ஆகவே நாட்காட்டியைப் பார்த்து அண்டை வீட்டாரைப் போலச் செய்வது பருவ ஒழுக்கமன்று. வானத்தையும், நம் பசியையும், நம் உறக்கத்தையும் பார்த்துச் செய்வதே பருவ ஒழுக்கம்.

எச்சரிக்கை தேவை

பழைமை என்பதற்காக அனைத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டுமா? வேண்டியதில்லை. வாந்தி மருந்தும் பேதி மருந்தும் உடலிலுள்ள நீரையும் உப்பையும் வெளியேற்றுவன. சிறுவருக்கும், முதியவருக்கும், கருவுற்றவருக்கும், மெலிந்தவருக்கும் வலுவான சுத்தி முறைகளைப் பண்டைய நூல்களே விலக்கின. தகுதி பெற்ற வைத்தியரின் நேர்பார்வை இன்றி எவரும் வீட்டில் பஞ்சகர்மம் செய்துகொள்ளலாகாது.

நம் பாட்டிமார் காலத்தில் பள்ளி விடுமுறையில் வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய கதையை இன்றும் சொல்வார்கள். வயிற்றுப் பூச்சிகளை அகற்றுவது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. அவ்வேலையை இன்று ஒரு மாத்திரையே செய்துவிடுகிறது. 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 வயது முதல் 19 வயது வரை உள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அதனை இலவசமாக வழங்குகின்றனர். பெற்றோர் தயங்காமல் பிள்ளைகளுக்கு அதனைக் கொடுக்கச் செய்ய வேண்டும்.

உடல் தன்னைத் தானே தூய்மை செய்யும் ஆற்றல் உடையது. கல்லீரலும் சிறுநீரகங்களும் நுரையீரலும் தோலும் குடலும் நாள்தோறும் அப்பணியைச் செய்கின்றன. எனவே “உடலிலுள்ள நஞ்சனைத்தும் மூன்றே நாளில் நீங்கும்” என்று விற்கப்படும் பொடிகளையும் லேகியங்களையும் நம்பி வாங்கலாகாது. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகர்ப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளுள் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருக்கக் கண்டனர். தூய்மை செய்யச் சென்று நஞ்சை உட்கொள்ளலாமா?

இன்னொன்று: மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் அதனைக் கஞ்சியாலும் எண்ணெயாலும் தீர்க்க முயல வேண்டாம். எலிக்காய்ச்சலும் டெங்குவும் மழையோடு வருபவை. உடனே மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பருவ ஒழுக்கம் நலமாக இருப்பவர் நலத்தைக் காப்பதற்கே. நோயாளிக்கு மருத்துவத்தை மறுப்பதற்கன்று.

அடக்கக் கூடாத பதின்மூன்று

அப்படியாயின் மாணவியர் கைக்கொள்ளத்தக்க தூய்மை எது? உடல் செய்யும் தூய்மைப் பணிக்கு நாம் இடையூறு செய்யாதிருப்பதே முதற் பேணல். அஷ்டாங்க ஹிருதயம், அடக்கக் கூடாத இயற்கை வேகங்கள் 13 என்று கூறுகிறது. மலம், சிறுநீர், தும்மல், தாகம், பசி, உறக்கம், இருமல், கொட்டாவி, கண்ணீர் முதலியவை அவற்றுள் அடங்கும். கண்ணீரையும் அடக்கலாகாது என்று கூறியிருப்பது எவ்வளவு நுட்பமானது!

ஆனால் பெண் பிள்ளைகள் பலர் செய்வதென்ன? கழிப்பறைக்குச் செல்ல நேரிடுமே என்று காலை முதல் மாலை வரை நீர் அருந்துவதில்லை. சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள். இது நாளடைவில் சிறுநீர்த் தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் வழி வகுக்கிறது. ஆண்டுக்கொருமுறை உண்ணும் எந்த மருந்தும் அன்றாடம் செய்யும் இத்தவற்றை ஈடு செய்யாது. கழிப்பறையைத் தூய்மையாக வைத்திருப்பது பள்ளியின் கடமை. பயன்படுத்தியபின் நீர் ஊற்றுவது உங்கள் கடமை. “போய் வருகிறேன்” என்று கேட்கும் மாணவியைத் தடுக்காதிருப்பது ஆசிரியராகிய எங்கள் கடமை.

இனி, ஒவ்வொருவரும் செய்யத்தக்க சில:

1. மழைக்காலத்தில் கொதித்து ஆறிய நீரையே அருந்துக. சீரகம் இட்டுக் கொதிக்க வைப்பது நன்று.

2. பசித்த பின் உண்க. முன் உண்டது செரித்தபின் உண்பதே நல்லது என்பதைத் திருக்குறளின் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரமும் வலியுறுத்துகிறது.

3. காய்ச்சலோ சளியோ இல்லாதபோது வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கலாம்.

4. மழையில் நனைந்து வந்தால் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துக.

5. தேர்வுக் காலத்திலும் இரவு உறக்கத்தைக் குறைக்காதீர். மாதவிடாய் நாட்களில் களைப்பிருப்பின் ஓய்வு கொள்ள வெட்கப்படாதீர்.

அன்னையர்க்கும் ஓய்வு

மருந்து பாதி, ஓய்வு பாதி என்று முன்னர்க் கண்டோம். ஆனால் நம் வீடுகளில் அந்தப் பாதி அம்மாவுக்குக் கிடைக்கிறதா? அரிசி களைந்து, தேங்காய் துருவி, பால் பிழிந்து, அனைவருக்கும் கஞ்சி வார்த்தபின் பாத்திரத்தின் அடியில் ஒட்டியதை உண்பவர் அவர். எண்ணெய்க் குளியலுக்கு எல்லாருக்கும் வெந்நீர் போட்டபின் தமக்கு நீர் இல்லாமல் நிற்பவரும் அவரே. வீட்டில் ஒருவர் மட்டும் ஓயாது உழைக்க, மற்றவர் நலம் பெறுவது முழுமையான நலமாகாது. பருவம் மாறும்போது ஒரு வாரமேனும் இரவுச் சமையலை நீங்களும் உங்கள் அண்ணன் தம்பியரும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் கிண்ணம் கஞ்சியை அம்மாவுக்குக் கொடுங்கள். தந்தையரும் இதற்குத் துணை நிற்க வேண்டுகிறோம்.

முடிவுரை

உடலின் வேகங்களை அடக்காதே என்று கூறிய அதே நூல், உள்ளத்தின் வேகங்களை அடக்கு என்றும் கூறுகிறது. பேராசை, பொறாமை, பகைமை ஆகியவற்றை வெல்வதும் பேணலின் ஒரு கூறேயாகும். பருவத்திற்கேற்ற எளிய உணவு, போதிய ஓய்வு, தூய நீர், நல்லுறக்கம், கசடற்ற உள்ளம் ஆகிய இவை விலை கொடுத்து வாங்க வேண்டாத மருந்துகள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். அன்பு மாணவியரே, நாளை நீங்கள் எழுதப்போகும் சித்திரங்கள் பல. இன்றே சுவரைப் பேணத் தொடங்குங்கள். உங்களுக்காகச் சுவராய் நிற்கும் அன்னையரையும் பேணுங்கள்!