களிமண் பலகையில் ஒரு கணக்குப் பாடம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் பல்கலைக்கழகத்தில் தொன்மைப் பண்பாடுகளைப் படிக்க விரும்பினால், "அதைப் படித்து என்ன பயன்?" என்ற கேள்வியே வீட்டில் முதலில் எழுகிறது. அடுத்து அக்கேள்வி ஆசிரியர்களாகிய நம்மிடம் வருகிறது. முதுகலை வரலாற்றில் மெசபடோமிய நாகரிகத்தைப் படித்த நான், வகுப்பறையிலிருந்தே விடை தர விரும்புகிறேன்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளங்கையில் அடங்கும் வட்டமான களிமண் பலகை ஒன்று உள்ளது. பாபிலோனியாவில் ஏறத்தாழ கி.மு. 1800–1600 காலத்தில் எழுதப்பட்டது. அதில் ஒரு சதுரமும் அதன் இரு மூலைவிட்டங்களும் உள்ளன. மூலைவிட்டத்தின்மேல் ஆப்பு வடிவ எழுத்தில் 1, 24, 51, 10 என எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

ஒன்பதாம் வகுப்பில் பண்டைய நாகரிகங்கள் பாடத்தின்போது இவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதுவேன். பாபிலோனியர் 60-ஐ அடிமானமாகக் கொண்டு எண்ணினர் என்று மட்டும் சொல்வேன். மாணவர்கள் 1 + 24/60 + 51/3600 + 10/216000 எனக் கூட்டுவார்கள். விடை ஏறத்தாழ 1.414213. "ஐயா, இது ரூட் டூ!" என்று யாரேனும் எழுந்துவிடுவார். 2-இன் வர்க்கமூலத்துடன் ஐந்து தசம இடங்கள் வரை அது பொருந்துகிறது. ஒரு மணிக்கு 60 நிமிடம் என்னும் கணக்கின் வேரும் அப்போது புலப்படும்.

பிறகு மூன்று வினாக்கள் கேட்பேன்.

1. பலகையில் நேரடியாகத் தெரிவது எது? படமும் எண்களும்.
2. நாம் ஊகிப்பது எது? இது ஒரு மாணவரின் பயிற்சி என்பது. அக்காலப் பள்ளிப் பயிற்சிகளுக்கு இத்தகைய வட்டப் பலகைகள் பயன்பட்டதால் அறிஞர்கள் அவ்வாறு கருதுகின்றனர்.
3. எதற்குச் சான்று இல்லை? பிதாகரஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தொடர்பை அறிந்திருந்தனர். ஆனால் அதை நிறுவிக் காட்டினரா என்பதற்கு இப்பலகையில் விடையில்லை.

இம்மூன்றையும் பிரித்தறியும் பழக்கத்தையே பல்கலைக்கழகப் படிப்பு எனக்குத் தந்தது. கீழடிப் பானை ஓட்டுக்கும் இதே முறைதான்: எழுத்தைப் படிக்க மொழியறிவு வேண்டும், காலத்தைக் கணிக்க அறிவியல் வேண்டும். கைபேசியில் நாள்தோறும் பழம்பெருமைச் செய்திகளைப் படிக்கும் நம் மாணவர்களுக்கு, "சான்று எங்கே?" என்று கேட்கும் துணிவு மிகவும் தேவை.

தொல்லியல், அருங்காட்சியகப் பணியிடங்கள் குறைவு என்பதை மாணவரிடம் மறைக்க வேண்டாம். அதே வேளையில், ஆர்வமுள்ளவரை "பயனில்லாத படிப்பு" என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் வேண்டாம். இப்பலகையை ஒரு பாடவேளை நடத்திப் பாருங்கள். யாரிடம் அந்த ஆர்வம் உள்ளது என்பது தெரிந்துவிடும்.