நிலவு வண்டி செய்வோம்... விரலுக்கு வேலை கொடுப்போம்!

எங்கள் காரைக்கால் கோவில்பத்தில் ஒரு பெரியவர். பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரி சிகிச்சையில் தேறி, நடமாடத் தொடங்கிவிட்டார். ஆனால் வலது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. சட்டைப் பொத்தானைப் பேரன்தான் போட்டுவிட வேண்டும். அதிலேயே மனசு ஒடிந்துவிட்டது. "தினமும் ரப்பர் பந்தை அமுக்குங்க" என்று சொல்லி அனுப்பினேன். "சின்னப்புள்ள விளையாட்டா இருக்கு வைத்தியரய்யா" என்று மூலையில் போட்டுவிட்டார்.

பேரனுக்குப் பிறந்த நாள் பரிசாக ஒரு பெட்டி வந்தது. உள்ளே ப்ளைவுட் துண்டுகள். சேர்த்து மாட்டினால் நிலவில் ஓடும் வண்டியின் மாடல்! அவசரத்தில் இரண்டு துண்டுகளை உடைத்துவிட்ட பையன், "தாத்தா, இதைக் கொஞ்சம் புடிச்சுக்கயேன்" என்று நீட்டினான். பந்தைத் தொடாத கை, பலகையைப் பிடித்தது!

நிஜ வண்டி எது?

சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர், நம் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். அதிலிருந்து இறங்கிய 'பிரக்யான்' வண்டியின் எடை 26 கிலோ. வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான்! நாங்கள் சுத்தி செய்து மருந்தில் சேர்க்கிறோமே கந்தகம், அது நிலவின் தென்பகுதி மண்ணில் இருப்பதை உறுதி செய்ததும் இதுதான்.

இதற்கு ஆறு சக்கரங்கள். ஸ்பிரிங் கிடையாது. இரு பக்கமும் ஒரு நீளக்கை. அதன் ஒரு முனையில் ஒரு சக்கரம். மறுமுனையில் சீசா பலகை போல ஆடும் குட்டைக்கை, அதில் இரண்டு சக்கரங்கள். ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினாலும் மற்றவை தரையை விடாது. மேடுபள்ளத்தில் நாலு கால் ஸ்டூல் ஆடும். மூன்று சக்கர நடைவண்டி ஆடாது அல்லவா? எல்லாச் சக்கரமும் தரையில் பதிய வேண்டும் என்ற அதே கணக்குதான் இங்கும்.

எப்படிச் செய்வது?

* துண்டுகளை மொத்தமாகப் பிய்க்காதீர்கள். எண் பார்த்து, அப்போதைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள்.

* ஓரங்களை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

* பல்சக்கரத்திலும் அச்சிலும் மெழுகுவத்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு சுழலும்.

* மழைக்காலத்தில் கடலோர ஈரக்காற்றில் பலகை உப்பி அச்சு இறுகும். நிழலில் உலர்த்தி மாட்டுங்கள்.

* முழங்கையை மேஜையில் ஊன்றி, நல்ல வெளிச்சத்தில், ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். கை வலித்தால் நிறுத்துங்கள்.

* கத்தி பெரியவர்கள் கையில் இருக்கட்டும். சின்னத் துண்டுகள் கைக்குழந்தைக்கு எட்டக்கூடாது.

கிள்ளுவது, திருகுவது, அழுத்துவது என்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளை அந்த விரலை ஆளக் கற்றுக்கொள்கிறது. அதுவும் ஆசையோடு செய்தால் அலுப்பதில்லை. டாக்டர் சொன்ன மருந்தையும் பயிற்சியையும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று: திடீரென முகம் கோணினால், பேச்சு குழறினால், கை கால் மரத்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்!

நான்காம் நாள் ஒரு பல்சக்கரம் தலைகீழாக மாட்டியிருந்தது தெரிந்தது. பையன் அழுதுகொண்டே தூக்கி எறியப் போனான். நான் சொன்னேன்: "ஆகஸ்ட் 27-ம் தேதி பிரக்யானுக்கு எதிரே நாலு மீட்டர் அகலப் பள்ளம் வந்தது. என்ன செஞ்சாங்க தெரியுமா? வந்த வழியே திருப்பிட்டாங்க. அப்புறம் வேற பாதையில ஓடி, மொத்தத்துல நூறு மீட்டருக்கு மேல போயிடுச்சு." பெரியவர் சிரித்தார். பையனை உட்கார வைத்து, ஒவ்வொரு துண்டாகத் தாமே கழற்றத் தொடங்கினார்.

வண்டி இப்போது திண்ணையில் ஓடுகிறது. பெரியவர் கீழ் இரண்டு பொத்தான்களைத் தாமே போடுகிறார். மேல் பொத்தான் இன்னும் பேரன் கையில்தான். பரவாயில்லை... நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் போதுமே!