ஒரே டிசைன், பல பேப்பர் சைஸ்: படம் இழுபடாமல் மாற்றுவது எப்படி?

கீழவைப்பாரில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நோட்டீஸ், அழைப்பிதழ், நினைவு அட்டை ஆகியவற்றை டிசைன் செய்து வருகிறேன். அச்சடிப்பது தூத்துக்குடியில். சங்கு குளிக்கப் போய்க் கடலில் இறந்த எங்கள் ஊர் இளைஞர் ஒருவரின் முப்பதாம் நாளுக்காக ஏ4 அளவில் ஒரு நோட்டீஸ் செய்து கொடுத்தேன். வீட்டாருக்குப் பிடித்துவிட்டது. "இதையே செவுத்துல ஒட்டப் பெருசாவும், ஜெபப் புத்தகத்துக்குள்ள வைக்கச் சின்னதாவும் பண்ணிக் குடு" என்றார்கள்.

சின்ன வேலைதானே என்று எல்லாவற்றையும் செலக்ட் செய்து, புதிய பேப்பரின் நான்கு ஓரத்திற்கும் இழுத்துவிட்டேன். போஸ்டர் வந்ததும் அந்த இளைஞரின் அம்மா சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது எம்புள்ள மொகம் இல்லையே. நீண்டு போயிருக்கே" என்றார்.

தவறு என்னுடையதுதான். அதே தவறை நீங்கள் செய்யாமல் இருக்கவே இந்தப் பாடம்.

ஏ வரிசையின் ரகசியம்

ஏ4 பேப்பர் 210 x 297 மி.மீ. இதன் அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதம் 1:1.414. இந்த விகிதத்தில் உள்ள பேப்பரைக் குறுக்கே பாதியாக மடித்தால், பாதிக்கும் அதே விகிதம்தான் வரும். ஜெர்மன் விஞ்ஞானி லிக்டன்பெர்க் 1786-ல் ஒரு கடிதத்தில் இதைக் குறிப்பிட்டார். 1922-ல் ஜெர்மனியில் இது தர அளவானது. பிறகு ஐஎஸ்ஓ 216 என்ற சர்வதேசத் தரமாக மாறியது.

இதனால் நமக்கு என்ன லாபம்? ஏ வரிசைக்குள் மாற்றும்போது ஒரே சதவீதம் கொடுத்தால் போதும்.

ஏ4-லிருந்து ஏ3 (297 x 420): 141 சதவீதம்
ஏ4-லிருந்து ஏ5 (148 x 210): 71 சதவீதம்
ஏ4-லிருந்து ஏ6 (105 x 148): 50 சதவீதம்

சிக்கல் எங்கே வருகிறது?

சுவர் போஸ்டருக்கு நம் பக்கத்தில் பயன்படும் டபுள் கிரவுன் அளவு 20 x 30 அங்குலம், அதாவது 508 x 762 மி.மீ. இது ஏ வரிசை அல்ல. விகிதம் 1:1.5. அகலத்தை 241.9 சதவீதம் பெருக்கினால் பேப்பர் நிரம்பும். உயரம் நிரம்ப 256.6 சதவீதம் வேண்டும். நான் இரண்டையும் நிரப்பியதால் முகம் 6 சதவீதம் நீண்டுவிட்டது. என் கண்ணுக்குத் தெரியாத அந்த 6 சதவீதம் பெற்ற தாய்க்குத் தெரிந்தது!

சரியான வழி

இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் செய்முறையைப் பார்ப்போம். கோரல்டிராவிலும் அடிப்படை இதேதான்.

1. ஃபைலை வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். ஒரிஜினலைத் தொடாதீர்கள்.

2. ஃபைல் மெனுவில் டாக்குமெண்ட் பிராப்பர்ட்டீஸ் சென்று பேஜ் சைஸை 514 x 768 மி.மீ. என மாற்றுங்கள். 508 x 762 உடன் நான்கு பக்கமும் வெட்டுக்கு 3 மி.மீ. கூடுதல் சேர்த்த அளவு இது. பேஜ் மட்டுமே மாறும். டிசைன் பழைய அளவிலேயே இருக்கும்.

3. பின்னணி வண்ணக் கட்டத்தை அழித்துவிடுங்கள். மற்றவற்றைச் செலக்ட் செய்து, கண்ட்ரோல் + ஜி அழுத்திக் குரூப் செய்யுங்கள்.

4. ஆப்ஜெக்ட் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், அதில் ஸ்கேல். "ஸ்கேல் புரோப்போர்ஷனலி" என்பதில் டிக் செய்து 241.9 சதவீதம் கொடுங்கள். இந்த டிக்தான் முகத்தைக் காப்பாற்றுகிறது.

5. குரூப்பைப் பேஜின் நடுவில் வையுங்கள். உயரத்தில் சுமார் 43 மி.மீ. மிச்சமிருக்கும். அன்குரூப் செய்து, படத்திற்கும் எழுத்துக்கும் இடைவெளி விடுங்கள்; அல்லது பூசை நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பின்னணிக் கட்டத்தைப் புதிதாகப் பேஜ் முழுவதும் வரையுங்கள்.

சிறிதாக்கும்போது

ஏ6 அட்டைக்கு 50 சதவீதம் என்றால் 8 பாயிண்ட் எழுத்து 4 பாயிண்ட் ஆகிவிடும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியே மறைந்துவிடும். 7 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள். உறவினர் பெயர்களைக் குறைத்து, அவசியமானதை மட்டும் வையுங்கள். வெட்டுக்கான 3 மி.மீ. கூடுதலும் பாதியாகி 1.5 மி.மீ. ஆகிவிடும். எனவே பேஜை 111 x 154 என வைத்துப் பின்னணியைத் திரும்ப வரையுங்கள்.

பெரிதாக்கும்போது

ஏ4-ல் 300 டிபிஐ இருந்த போட்டோ, போஸ்டரில் 124 டிபிஐ ஆகும். தூரத்தில் நின்று பார்க்கும் போஸ்டருக்கு இது போதும். வாட்ஸ்அப்பில் வந்த படம் என்றால் முதலிலேயே குறைந்திருக்கும். வீட்டில் ஒரிஜினல் படத்தைக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்யுங்கள்.

அனுப்பும் முன்

பிடிஎப் ஆகச் சேவ் செய்யும்போது டெக்ஸ்ட்டைப் பாத் ஆக மாற்றும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். அச்சகத்தில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. வெட்டிய பிறகு வரவேண்டிய அளவையும் எழுதி அனுப்புங்கள். வீட்டில் பிரிண்ட் எடுத்துப் பார்ப்பதானால் "ஃபிட்" வேண்டாம், "ஆக்சுவல் சைஸ்" கொடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

அந்தப் போஸ்டரை என் செலவில் மறுபடி அச்சடித்து, முப்பதாம் நாளுக்கு முந்தின மாலை கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சின்ன அட்டையில் மட்டும் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.